வெளிப்பக்கம் திறக்கும் கதவு

பலகை மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பாதியில் நின்றுவிட்டது. நான் தோளைக் கொடுத்து முட்டுகிறேன், அது கிரீச்சென்று சத்தம் மட்டும் போடுகிறது. பலகைக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா, நிறைமாத வயிற்றோடு.

"என்னடி பண்றே அங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. சாதாரணமாக, குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். "சீக்கிரம் எடு. பனிக்குடம் உடைஞ்சிருச்சு."

கதவு ஒரு கை நுழைகிற அளவுக்குத்தான் திறந்திருந்தது. அந்த இடுக்கில் அவளுடைய நாலு விரல்கள் தெரிந்தன. கதவைத் தள்ளுகிறாள், கதவு பலகையின் காலில் போய் இடிக்கிறது. அவள் விரல் நசுங்கிவிடுமோ என்று பலகையை விட்டேன். விட்டால் முழுப் பாரமும் கீழே இறங்கப் பார்த்தது. கீழே அப்பா தூங்குகிறார். திரும்பவும் தோளைக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டைப் பார்க்காதவர்களுக்கு இது புரியாது. வீடு என்பது ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பும் தொட்டியும். பக்கத்துச் சுவரில் பாத்ரூம். அதன் கதவு அறைக்குள்தான் திறக்கும். உள்பக்கம் திறக்க வழியில்லை, கக்கூஸ் கோப்பையில் இடிக்கும். அதே சுவரில் அம்மாவின் பலகை, கீல் போட்டு மாட்டியது. தூக்கிக் கொக்கி மாட்டினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இறக்கி, மடக்குக் கால் இரண்டையும் நிமிர்த்தினால் கதவு திறக்கிற இடத்தை மறித்துக்கொண்டு நீளமாக நிற்கும். அம்மா ஊரார் வீட்டு ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைக்கிறவள். ஆள் உயரத்துக்கு மேல் நீளமான துணிகள். பலகை இல்லாவிட்டால் வேலை இல்லை.

அப்பா பஸ் டிப்போவில் ராத்திரி முழுக்க பஸ் கழுவுகிறார். காலையில் ஈரச் செருப்போடு வந்து, சாப்பிட்டு, படுத்துவிடுவார். படுப்பது பலகைக்கு அடியில். மேலே அம்மா வெட்டுவாள், பலகையை ஒட்டித் தனியாக நிற்கிற மிஷினில் தைப்பாள். மிஷின் சத்தம் அப்பாவைத் தொந்தரவு செய்வதில்லை. மிஷின் நின்றால்தான் கண்ணைத் திறந்து, "என்ன ஆச்சு, நூல் அறுந்துதா?" என்று கேட்பார்.

ஆகவே பகலில் யாருக்காவது பாத்ரூம் போகவேண்டும் என்றால் துணியை ஒதுக்கி, பலகையைத் தூக்கி, போய்விட்டு வந்து, இறக்கி, மறுபடி விரிக்க வேண்டும். அப்பா தூங்குவதால் கூப்பிட்டுச் சொல்லவும் முடியாது. அதற்காக வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பாத்ரூமுக்குள் போகிறவர் துண்டை வெளிப்பக்கக் கைப்பிடியில் தொங்கவிட்டுப் போகவேண்டும். துண்டு தொங்கினால் உள்ளே ஆள். தொங்காவிட்டால் பலகையை இறக்கலாம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். மற்ற வீடுகளில் துண்டை உள்ளே எடுத்துப்போகிறார்கள் என்பதே சிநேகிதி வீட்டுக்குப் போனபோதுதான் எனக்குத் தெரியவந்தது.

அக்கா இதே வீட்டில் வளர்ந்தவள்தான். ஆனால் கல்யாணமாகி வேறு வீட்டில், உள்ளே துண்டு மாட்ட ஆணி இருக்கிற பாத்ரூமோடு வாழ்ந்துவிட்டு வந்திருக்கிறாள். மாமா சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனதும் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தாள். அன்றைக்குக் குளிக்கப் போனவள் எல்லா மனிதரையும் போல துண்டை உள்ளே எடுத்துப்போனாள்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். அம்மா ஒரு வீட்டுக்கு ஜன்னல் அளவெடுக்கப் போயிருந்தாள். போகும்போதே சொல்லியிருந்தாள், பல் டாக்டர் வீட்டுத் திரைக்கு அடி ஓரம் மடித்து வைக்கச் சொல்லி. கைப்பிடியில் துண்டு இல்லை. அக்கா கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்து பலகையை இறக்கினேன். துணியை விரித்து, ஒரு முனையை மிஷினில் கொடுத்து ஊசியை இறக்கினேன். அப்போதுதான் உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டாள்.

பதற்றத்தில் துணியை எடுக்காமலே பலகையைத் தூக்கினேன். துணி வழுக்கிப் பின்பக்கம் விழுந்து, கீலுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கனமான துணி, வெளிச்சத்தை மறைக்கிற ரகம். ஒரு முனை மிஷின் ஊசிக்கு அடியில், மறு முனை கீலுக்குள். நடுவில் அது கயிறு மாதிரி விறைத்து நின்றது.

அப்பா விழித்துவிட்டார். விழித்தவர் எங்கே இருக்கிறோம் என்பதை மறந்து எழுந்து உட்காரப் போய், தலையில் பலகை இடித்தது. நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைத் தேய்த்துக்கொண்டே உருண்டு வெளியே வந்தார். பலகைக்குத் தோள் கொடுத்தார். அசையவில்லை. துணியை உருவப் பார்த்தார். அவர் கை ராத்திரியெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறிய கை, வழுக்கியது.

"அப்பா," என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "எனக்கு உக்காரணும் போல இருக்கு."

"உக்காராதேம்மா. செவுத்த பிடிச்சுக்கோ. இதோ ஆச்சு."

கத்தரி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்தேன். துணிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஆனால் வெட்ட வரவில்லை. மற்றவர்கள் துணியில் தப்பாகக் கத்தரி வைக்கக்கூடாது என்று கேட்டுக்கேட்டே வளர்ந்தவள் நான். உள்ளே அக்கா இருக்கிறாள் என்று தெரிந்தும் என் கை நின்றுவிட்டது.

வாசலில் அம்மா. தோளில் பை, கழுத்தில் இன்ச் டேப். ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். யார் செய்தது, எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை.

"வெட்டு," என்றாள்.

"அம்மா, இது பல் டாக்டர்..."

"யார் துணியா இருந்தா என்னடி. வெட்டு."

வெட்டினேன். துணி பட்டென்று தளர்ந்தது. அப்பா மீதியை உருவினார், பலகை மேலே போனது, கதவு திறந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நனைந்திருந்தாள். துண்டு அவள் தோளில் இருந்தது. அவளே அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, துண்டு," என்றாள்.

எதிர்வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். வேனில் வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. அதனால் கட்டடம் முழுக்க அவளுக்குப் பார்சல் அக்கா என்றுதான் பெயர். அன்றைக்கு அவள் வீட்டில் இருந்தது எங்கள் நல்ல நேரம். பெட்டிகளை வராந்தாவில் இறக்கிப் போட்டுவிட்டு வேனில் அக்காவைப் படுக்கவைத்தாள். வண்டி கிளம்பும்போது, "இத்தனை வருஷத்துல இந்த மாதிரி சரக்கு ஏத்துனதில்ல. உடையாம கொண்டுபோய்ச் சேக்கிறேன் பாரு," என்றாள். வலியிலும் அக்கா சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

பெண் குழந்தை. அக்காவும் நலம், குழந்தையும் நலம். ஆனால் அதோடு முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தபோதுதான் உண்மையான கஷ்டம் எங்களுக்கு உறைத்தது. இதுவரைக்கும் அக்கா வயிற்றோடு இருந்தாள், அவள் ஒரு ஆள். இப்போது ஒரு குழந்தை. நேரம் காலம் தெரியாமல் துணி நனைக்கும், குளிப்பாட்ட வேண்டும், அலச வேண்டும். எதற்கும் பாத்ரூம்தான். ஒவ்வொரு தடவையும் பலகையைத் தூக்கினால் அம்மாவால் ஒரு ஓரம்கூட முழுசாக அடிக்க முடியாது. தலைக்கு மேல் பலகை ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் அப்பாவுக்குத் தூக்கம் ஏது? தூக்கமில்லாமல் ராத்திரி பஸ்ஸுக்கு மேலே ஏறி நின்று எப்படிக் கழுவுவார்? போன வருஷம்தான் ஒருவர் கூரையிலிருந்து சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார்.

அப்பாதான் ஆரம்பித்தார். டிப்போவின் பின்பக்கம் ஓடாத பஸ் ஒன்று நிற்கிறதாம். கடைசி சீட்டு நீளமாக, கட்டில் மாதிரி இருக்குமாம். பகலில் அங்கேயே படுத்துக்கொள்கிறேன், பசங்க பாதிப் பேர் அப்படித்தான் என்றார்.

"அப்புறம் வீட்டுக்கு எதுக்கு வருவீங்க, விருந்து சாப்பிடவா?" என்றாள் அம்மா.

வார்டு வாசலை ஒட்டிய கட்டிலிலிருந்து அக்கா, நான் மாமாவின் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறேன், அங்கே இரண்டு அறை இருக்கிறது என்றாள். அந்த வீட்டில் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட முகம் பார்த்துத்தான் கேட்க முடியும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மா, பேசாமல் வீட்டுத் தையலை விட்டுவிட்டு ஏதாவது துணிக் கம்பெனியில் ஷிஃப்டுக்குச் சேர்ந்துவிடுகிறேன் என்றாள். அப்படியானால் பெற்ற உடம்பையும் பிள்ளையையும் பார்ப்பது யார் என்று அப்பா கேட்டார்.

என்னைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம். அந்த அறையில் அம்மாவுக்கு வேலை, அப்பாவுக்குத் தூக்கம், அக்காவுக்குக் குழந்தை. எனக்குப் படிப்பு. அதை எங்கே வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம். வெளியூரில் அத்தை இருக்கிறார், அந்த ஊரிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது. யாராவது ஒருவர் அதை யோசித்துவிடுவார்கள் என்று நான் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். யோசித்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். அப்பா ஒரு தடவை என் பக்கம் திரும்பினார், "அத்தை" என்று ஆரம்பித்தார். அம்மா முடிக்க விடவில்லை.

"யாரும் எங்கயும் போகல," என்றாள். "இடம் பத்தலைன்னா இடத்தத்தான் திருத்தணும். ஆளைத் திருத்த முடியாது. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

பார்சல் அக்காவை அக்காவுக்குத் துணையாக விட்டுவிட்டு மூவரும் வீட்டுக்கு வந்தோம். அம்மா இன்ச் டேப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்து அளக்கச் சொன்னாள். ஊரிலுள்ள பெரிய பெரிய ஜன்னல்களை எல்லாம் அளந்த டேப் அது. எங்கள் அறையை யாரும் அளந்ததில்லை, அளக்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்ற நினைப்புதான். அளந்தோம். பலகையை ஜன்னல் பக்கச் சுவருக்கு மாற்றலாமா என்று பார்த்தோம். நீளம் போதவில்லை. அடுப்புப் பக்கம் மாற்றினால் துணியில் எண்ணெய் தெறிக்கும். குட்டையான பலகை போடலாமா என்றார் அப்பா. குட்டைப் பலகைக்கு ஏற்ற மாதிரி குட்டை ஜன்னலாகப் பார்த்து ஆர்டர் பிடிக்கிறேன் என்றாள் அம்மா.

எந்தப் பக்கம் சுற்றினாலும் பாத்ரூம் கதவில் வந்து முட்டியது. அம்மா சாக்கட்டியால் தரையில் கோடு போட்டாள். கதவு திறந்து மூடும்போது தரையில் எவ்வளவு இடத்தைத் தடவிப் போகிறதோ அவ்வளவுக்கும் கால்வட்டமாக ஒரு கோடு. மூவரும் நின்று அதைப் பார்த்தோம்.

"நம்ம எல்லாரையும்விட இதுதான் நிறைய இடத்தைத் திங்குது," என்றார் அப்பா.

திரைச்சீலை தைக்கிற வீடு இது. இங்கே கதவுக்குப் பதில் என்ன போடலாம் என்று அம்மாவுக்குத் தோன்றாமல் இருந்திருக்காது. தோன்றியிருந்தும் வாயைத் திறக்காததற்குக் காரணம் நான்தான். வயசுப் பெண் இருக்கிற வீடு.

"கதவ கழட்டிட்டு ஸ்கிரீன் போட்டுக்கலாம்மா," என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "உனக்கு?"

"எனக்கு என்ன."

அப்பா வேண்டாம் என்றார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, டிப்போ பஸ்ஸே போதும் என்று மறுபடியும் ஆரம்பித்தார். நான் விடவில்லை. எனக்கே தெரியாது எனக்கு இவ்வளவு பேச வரும் என்று. பலகையை இனிமேல் தூக்கவே வேண்டாம், திரையை ஒதுக்கிவிட்டுப் பக்கவாட்டில் நுழைந்துவிடலாம் என்றேன். செய்து காட்டினேன். கழற்றிய கதவை வீட்டு வாசலுக்கு மேலே குறுக்காகப் பதித்தால் அது பரண் ஆகும், ஜன்னலுக்குக் கீழே கிடக்கிற துணிச் சுருளையெல்லாம் அங்கே ஏற்றிவிடலாம் என்றேன். ஜன்னலோரம் குழந்தைக்கு. பஞ்சுத் தூசி அங்கே வராது. அப்பா பலகைக்கு அடியில் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம்.

"சத்தம் கேக்குமே, சின்னது," என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. வீட்டில் எனக்குப் பெயர் சின்னது.

"ரேடியோ போட்டுக்கிறேன்."

"வீட்டு ஓனர் கேட்டா?" என்றாள் அம்மா.

அப்பா திருப்புளியைத் தேடினார். "கதவு எங்கயும் போகல சார், வீட்டுக்குள்ளதான் இருக்கு, கொஞ்சம் மேல ஏறி நிக்குதுன்னு சொல்லிக்கலாம்," என்றார்.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தோம். பல் டாக்டர் வீட்டுக்கு அம்மாவே புதுத் துணி வாங்கி மறுபடி தைத்துக் கொடுத்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாளாம். அந்த வீட்டு அம்மா முகத்தைச் சுளித்துவிட்டு, குழந்தை என்ன எடை என்று கேட்டார்களாம். வெட்டுப்பட்ட துணி எங்களுக்கு ஆனது. அதை இரண்டு மடிப்பாக வைத்து, நடுவில் இன்னொரு துணி கொடுத்து, கீழ் ஓரத்துக்குள் இரும்பு வில்லைகளை வைத்துத் தைத்தாள், காற்றில் பறக்காமல் இருக்க. இரண்டு பக்கமும் சுவரில் கொக்கி. உள்ளேயிருந்து மாட்டிக்கொண்டால் ஒரு விரல் இடைவெளிகூடத் தெரியாது. மேல் ஓரத்தில் சுருக்கு வைக்கிறபோது, சாதாரணமாக வைப்பதைவிட நெருக்கமாக வைத்தாள். யாரும் பார்க்கப்போவதில்லையே, எதற்கு இவ்வளவு என்று கேட்டேன்.

"நீ பாப்பியே," என்றாள்.

கதவைக் கழற்றும்போது நான் பிடித்துக்கொண்டேன், அப்பா திருகாணியைக் கழற்றினார். பழைய திருகாணிகள், துருப்பிடித்து வரமாட்டேன் என்றன. சோப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்தார். மேல் கீல் வந்தது, கீழ்க் கீல் வந்தது. கதவின் பாரம் முழுக்க என் கைக்கு வந்தபோது என் விரல் உள்பக்கத் தாழ்ப்பாளில் இருந்தது. அந்த வீட்டில் நான் எனக்கென்று போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே தாழ்ப்பாள் அது.

யாரிடமும் சொன்னதில்லை. கணக்கில் மதிப்பெண் குறைந்தபோதும், அக்கா கல்யாணமாகிப் போன அன்றைக்கும், வகுப்பில் ஒருத்தி என் சட்டையில் ஒட்டியிருந்த நூல்களைப் பார்த்து எல்லார் முன்னாலும் சிரித்தபோதும் நான் அங்கேதான் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, அழுது முடித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். வெளியே வந்தால் எனக்குச் சரியாகிவிடும். அம்மா தைத்துக்கொண்டிருப்பாள், அப்பா தூங்கிக்கொண்டிருப்பார், நான் புத்தகத்தை எடுத்துக்கொள்வேன்.

அப்பா, "கனமா இருக்கா, விட்டுர்றியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. பிடிச்சுக்கிறேன்," என்றேன்.

இருவரும் சேர்ந்து அதை வாசலுக்கு மேலே ஏற்றினோம். தாழ்ப்பாள் இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. அதன்மேல் துணிச் சுருள்கள்.

அக்காவும் குழந்தையும் வந்தார்கள். பார்சல் அக்கா கொடுத்த கெட்டியான அட்டைப்பெட்டியில் அம்மா மெத்தை தைத்துப் போட்டிருந்தாள். அதன் பக்கவாட்டில் "கவனமாகக் கையாளவும்" என்று அச்சடித்திருக்கிறது. அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் ஸ்கிரீன் தைச்சே, நம்ம வீட்டுல மொத ஸ்கிரீன் இங்கயாம்மா போடணும்," என்று சொல்லி, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். சிரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

திட்டம் பலிக்கிறது. அதைச் சொல்லியாகவேண்டும். குழந்தை அழுகிறது, அப்பா தூங்குகிறார். டிப்போவில் தண்ணீர் பம்ப் இதைவிடச் சத்தம் என்கிறார். அம்மா பலகையை இறக்கியது இறக்கியபடி தைக்கிறாள். அக்கா திரையை ஒதுக்கிக்கொண்டு துணி அலசப் போகிறாள், வருகிறாள். நான் ரேடியோ போட்டுக்கொண்டு போகிறேன், வருகிறேன். அத்தை ஊரைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லாரும் இங்கேயே இருக்கிறோம். நான்தான் சொன்னேன், நான்தான் பிடித்துக்கொண்டேன். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் அந்த நாலு விரல் என்னை விடமாட்டேன் என்கிறது. கண்ணை மூடினால் கதவிடுக்கில் வந்து நிற்கிறது. கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற அந்தக் கொஞ்ச நேரம், அம்மா வராமல் இருந்திருந்தால் எவ்வளவு நேரமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அதற்காக இன்னும் நான் அழுது முடிக்கவில்லை. பரீட்சை வேறு நெருங்குகிறது.

இன்றைக்கு எல்லாரும் படுத்தபிறகு எழுந்து திரைக்கு அந்தப் பக்கம் போனேன். இரண்டு பக்கமும் கொக்கி மாட்டினேன். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வெளியே போகவில்லை, அம்மாவின் கை அப்படி. ஆனால் குழந்தை மூச்சுவிடுவது கேட்டது. அக்கா புரண்டு படுப்பது கேட்டது. அவர்கள் மூச்சு எனக்குக் கேட்கிறது என்றால் என்னுடையது அவர்களுக்குக் கேட்கும். குழாயைத் திறந்தால் குழந்தை விழித்துக்கொள்ளும். ரேடியோ போடுகிற நேரமும் இல்லை. கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். "யாரு, சின்னதா? வயிறு சரியில்லையா?" என்று அம்மா பாயிலிருந்தே மெதுவாகக் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

அப்பாவின் தூக்கத்துக்கு இடம் பார்த்தோம், அம்மாவின் வேலைக்குப் பார்த்தோம், குழந்தைக்குப் பார்த்தோம், துணிச் சுருளுக்குக்கூடப் பார்த்தோம். நான் அழவேண்டும் என்றால் இனிமேல் எங்கே போவேன்?